மூன்று கருவிகளும் ஒரு திருஷ்டி பொம்மையும்

“நாலாயிரத்து முந்நூத்தி பன்னெண்டு பேரு பாத்துகீறாங்க. ஒருத்தனாவது வாசப்படி ஏறினானா? இன்னாடி கம்ப்யூட்டரு படிச்ச நீ?”

தீபாவளி முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் இட்லி மாவில் கை வைத்திருந்தபோது வந்த போன் இது. பேசியது அமுதா. செங்கல்பட்டுப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது மாமல்லபுரத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தது நான். திட்டு வாங்குவதற்கு இந்த ஒரு தகுதி போதாதா?

போன வாரம் நான் எழுதிய குக்கர் விசில் கட்டுரைக்கு மெயில் போட்டவர்களுக்கு நன்றி. அதில் ஒரு மெயில் மட்டும் விசில் பற்றி இல்லை. திருப்போரூரில் மெஸ் நடத்தும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். “மேடம், என் மெஸ்ஸுக்கு வெப்சைட் போட்டிருக்கிறேன். தேடுகிறவர்கள் கண்ணில் அது படுகிறதா என்று தெரிந்துகொள்ள இலவசமாகக் கருவிகள் இருக்கிறதாமே, எது நல்லது?”

சார், நல்ல ஆளிடம் கேட்டீர்கள். அந்தக் கருவிகள் மூன்றிடமும் நான் பட்ட பாட்டை இந்த வாரம் எழுதிவிடுகிறேன். மூன்றும் மூன்று தேடுபொறிக் கம்பெனிகள் தருபவை. பெயர் போட்டால் ஆசிரியர் விளம்பரம் என்பார். அதனால் அவற்றைப் பெரியவர், நடுவிலவர், சின்னவர் என்றே சொல்கிறேன். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் பெரிய தெருவில் பதினோரு வருஷம் கடை வைத்திருந்தவள். வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த பழைய சட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மறுநாள் சாயங்காலம் அதே போல இன்னொன்று, பட்டன் துளை வரைக்கும் மாறாமல் தைத்துக் கொடுப்பாள். கழுத்தில் டேப், காதில் சாக்பீஸ், வாயில் குண்டூசி. வாயில் குண்டூசி இருந்தாலும் பேசுவாள் என்பதுதான் விசேஷம்.

போன வருஷம் அந்தக் கட்டடத்தை இடித்து ஓட்டல் கட்டப் போவதாகச் சொன்னார்கள். கடையைக் காலி செய்துவிட்டு நாலு சந்து உள்ளே தள்ளிப் போனாள். அந்தச் சந்துக்கு வழி கேட்டால் உள்ளூர்க்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். வருஷா வருஷம் வருகிற வெளிநாட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இடித்த இடத்தில் தகரம் அடைத்திருப்பதைப் பார்த்து, கடையை மூடிவிட்டாள் என்று திரும்பிப் போய்விடுவார்.

இந்த நேரத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். “ஒரு வெப்சைட் போட்டா எங்க இருந்தாலும் தேடிக்கிட்டு வருவாங்கடி. நான் பண்ணித் தர்றேன்.” சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஐ.டி. ஆபீசில் எனக்கு வேலை. என்ன வேலை? டெஸ்டிங். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் குறித்து, கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கே உதைக்கும்.

ஆறு பக்கத்தில் அழகான வெப்சைட். கடைப் படம், சந்துக்கு வழி காட்டும் மேப், அமுதா சிரிக்கிற போட்டோ. எல்லாம் ரெடி. ஆனால் மாதம் ஆடி.

“ஆடியில எவனாவது கட தொறப்பானா? ஆவணி மொத மூர்த்தத்துல தொறக்கலாம். அதுக்குள்ள யாரு கண்ணும் படக்கூடாது” என்றாள்.

“நெட்ல போட்டாச்சேடி. எப்படி மறைக்கிறது?”

“வூடு கட்டும்போது திருஷ்டி பொம்ம கட்டறாங்கல்ல? அந்த மாதிரி இதுக்கு ஒண்ணும் இல்லியா?”

இருக்கிறதே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேடுபொறிகள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளுக்கெல்லாம் தங்கள் ரோபோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ரோபோ என்றால் கை கால் வைத்த பொம்மை இல்லை, ஒரு வகைப் புரோகிராம். அது உள்ளே போய், என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வரும். நாம் எதையாவது தேடினால் அந்தக் குறிப்பிலிருந்துதான் பதில் வரும். ஆனால் வெப்சைட்டின் வாசலில் ஒரு குட்டி ஃபைலில் ‘உள்ளே வராதே’ என்று இரண்டே வரி எழுதி வைத்துவிட்டால், ரோபோ மரியாதையாகத் திரும்பிப் போய்விடும். முகவரி தெரிந்த மனிதர்கள் நேராக வந்து பார்க்கலாம். தேடிப் பார்க்கிறவர் கண்ணில் மட்டும் படாது.

அந்த இரண்டு வரியை எழுதி வைத்தேன். “பொம்மையைக் கட்டிட்டேன்” என்றேன். அமுதாவுக்குப் பரம திருப்தி.

ஆவணியில் திறப்பு விழா. இடம், காசிம் பாயின் பிரவுசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர், ஏ.சி. உண்டு. அமுதா பட்டுப்புடவையில் வந்தாள். அவள் கணவர் தனசேகர் கல்பாக்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்கு டிரிப் விட்டுவிட்டு வேட்டியில் வந்தார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டு மேல் ஒரு முழம் மல்லி. கற்பூரம் ஏற்றத் தட்டை எடுத்தபோது மட்டும், “ஏ.சி. ரூம்ல பொக வாணாம்க்கா, வெளிய காட்டு” என்று காசிம் பாய் கெஞ்சினார். வாசலில் காட்டினோம். எலுமிச்சம்பழத்தை மவுசுக்கு அடியில் வைத்து நசுக்கலாமா என்று தனசேகர் கேட்டதை நான் பலமாக எதிர்த்தேன். அமுதா மவுசை அமுக்கினாள், பக்கம் திறந்தது, எல்லாரும் கை தட்டினோம், சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம்.

பக்கத்தின் அடியில் ஒரு கவுண்டர் வைத்திருந்தேன். எத்தனை முறை பக்கம் திறக்கப்பட்டது என்று எண்ணிக் காட்டும். அன்றைக்கு அது ஒன்று காட்டியது. ஆயுத பூஜைக்கு இரண்டாயிரம். தீபாவளிக்கு நாலாயிரம். தினமும் தனசேகர் போய்ப் பார்த்துவிட்டு வந்து நம்பர் சொல்வார். அமுதா அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பாள்.

வாடிக்கையாளர்? பூஜ்யம். அக்கம்பக்கத்துப் பெண்களின் ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம், திரைச்சீலை. அவ்வளவுதான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருகிறேன். திட்டி முடித்ததும் அமுதாவின் குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கினால் விஷயம் பெரிது என்று எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

“எக்ஸ்போர்ட் கம்பெனியில கூப்புட்டுகினு கீறாங்க. உங்க ஆபீசு பக்கந்தான். லைன் சூப்பர்வைசரு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரணும். திங்கக்கெழமதான் ஒண்ணாந்தேதி. கடைய மூடிட்டுப் போலாம்னு கீறேன்.”

“உனக்கு அந்த வேலை புடிக்குமாடி?”

“நாள் முச்சூடும் காலர் மட்டும் தைக்கறவங்கள மேய்க்கணுமாம். சட்ட முழுசா எப்பிடி ஆச்சின்னு நானே பாக்க முடியாது. புடிக்குமான்னு கேக்கற... எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, யாருக்கும் நான் வாணாம்னா, இன்னா பண்ணச் சொல்ற?”

நாலாயிரம் பேர் வந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதாக இவள் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். போகிற வழியெல்லாம் யார் மேல் தப்பு என்று யோசித்துக்கொண்டே போனேன். போட்டோ சரியில்லையா? மஞ்சள் பின்னணி கண்ணைக் குத்துகிறதா? டெஸ்டிங் செய்கிறவள் அல்லவா... என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டேன்.

காசிம் பாய் கடையில் மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தேன். பிரவுசரைத் திறந்ததும், நான் எதுவும் அடிக்காமலே, அமுதா சிரித்தாள். அமுதாவின் வெப்சைட்! அடியில் கவுண்டர் ஒன்று கூடியது. மூடித் திறந்தேன். மறுபடி அமுதா, மறுபடி ஒன்று கூடியது. எழுந்து போய் நாலாம் நம்பரைப் பார்த்தேன். அங்கேயும் அமுதா. ஏழாம் நம்பரில் யாரோ ஒருவர் ரயில் டிக்கெட் பார்க்க உட்கார்ந்தார். அவருக்கும் முதலில் அமுதாதான்.

“பாய்... இது என்ன?”

“ஹோம் பேஜ்க்கா. தெறப்பு விழா அன்னிக்கே எட்டு மெஷின்லயும் போட்டு வச்சிட்டேன். வர்றவன் போறவன்லாம் மொதல்ல நம்ம அமுதாக்கா கடையப் பாக்கட்டுமே!” அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

ஆக, நாலாயிரம் பேரும் மாமல்லபுரத்துக்காரர்கள். மார்க் ஷீட் பார்க்கவும், விசா ஃபாரம் பிரின்ட் எடுக்கவும், ஜாதகம் பொருத்தவும் வந்தவர்கள். கோபப்படவா முடியும்? காசிம் பாய் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். தேடி வந்தவர் யாராவது உண்டா என்று கவுண்டர் சொல்லாது. அதற்குத்தான் அந்த மூன்று கருவிகள்.

மூன்றுமே முதலில் ஒரு கேள்வி கேட்கும். இந்த வெப்சைட் உன்னுடையதுதானா? ஆமாம் என்றால் போதாது. அவர்கள் ஒரு ஃபைல் தருவார்கள், அதை நம் வெப்சைட்டில் வைத்துக் காட்ட வேண்டும். சொந்த வீட்டுக்குள் போக ரேஷன் கார்டு கேட்கிற மாதிரி இருக்கும். ஆனால் நியாயம்தான். இல்லாவிட்டால் அடுத்த தெரு தையல்காரர் வந்து அமுதாவின் கணக்கைப் பார்த்துவிட மாட்டாரா?

சின்னவரைத்தான் முதலில் திறந்தேன். வேகமாக உள்ளே விட்டார். ஐந்து கட்டம் காட்டினார். நம் வெப்சைட்டுக்கு எவ்வளவு மதிப்போ அத்தனை கட்டம் பச்சையாகுமாம். அமுதாவுக்கு ஒன்றுகூட ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? அதைச் சொல்ல மாட்டார். பரீட்சை பேப்பரில் முட்டை போட்டுவிட்டு எங்கே தப்பு என்று சொல்லாத வாத்தியார்.

நடுவிலவர் நிதானம். சரிபார்க்க ஒரு நாள் ஆகும், அதுவரை வெளியிலிருந்தே கொஞ்சம் பார்த்துக்கொள் என்றார். ஆனால் அவரிடம் ஒரு நல்ல குணம். நம்மைப் பற்றி வேறு யார் எங்கே பேசியிருக்கிறார்கள், எந்த வெப்சைட்டில் நம் முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார். அமுதாவுக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு இடம். ஊர் சுற்றுகிறவர்கள் கூடி அரட்டை அடிக்கும் பக்கம். அதைத் தனியாக வைத்துக்கொண்டேன், பிறகு சொல்கிறேன்.

கடைசியில் பெரியவர். இவர் விவரமானவர். ரோபோ எப்போது வந்தது, எந்தப் பக்கத்தைப் பார்த்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருப்பார். என்ன தேடினால் நாம் தெரிகிறோம் என்று இடது பக்கம் ஒரு பட்டியல், எதைத் தேடியவர்கள் நம்மை அமுக்கினார்கள் என்று வலது பக்கம் ஒரு பட்டியல். ஆனால் இரண்டுமே காலி. தகவல் இல்லை. சரி, தடுக்கி விழுந்த கணக்கைப் பார்ப்போம் என்று போனேன்.

ஆறு பக்கத்துக்கும் ஆறு வரி. ஆறிலும் ஒரே காரணம். வாசலில் உள்ள ஃபைல் உள்ளே வரக்கூடாது என்று சொல்கிறது.

அடக் கடவுளே!

ரோபோ வந்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, மூன்று மாதமாக வந்து வந்து வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. சந்தனம் வைத்தோம், மல்லி வைத்தோம், பொங்கல் சாப்பிட்டோம். பொம்மையை அவிழ்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்ன யாருக்கும்? கட்டியவள் நான். அவிழ்க்க வேண்டியவளும் நான். ஒரு கமா விட்டுப்போனதற்கு ஆபீசில் ஒரு பையனை அரை மணி நேரம் நிற்க வைத்த மகராசி!

ஃபைலை அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் காசிம் பாய் கடையிலிருந்து அமுதா கடைக்குப் போகும் நாலு சந்து அன்றைக்கு நாற்பது சந்தாக நீண்டது.

அமுதா ஒரு யூனிஃபார்ம் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கண்ணைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, மெஷினின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“பொம்மைய அவுக்கவே இல்லியா?”

“இல்ல.”

“மூணு மாசமா?”

“மூணு மாசமா.”

கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். சரி, திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பயந்து நிமிர்ந்தால்... சிரிக்கிறாள்! குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

“இவரு அக்கா வூட்ல கிரகப்பிரவேசம் ஆயி ரெண்டு வருசம் பொம்மைய அவுக்காம வுட்டுட்டாங்க. போஸ்ட்மேன்கூட, இன்னும் கட்டிகினு கீறாங்க, யாரும் குடி வர்லன்னு லெட்டரத் திருப்பி அனுப்பிகினே இருந்தான். அதே கததான்டி இது! மூணு வருசம் கம்ப்யூட்டரு படிச்சவ எங்க நாத்தனா மாதிரியே பண்ணிகீற!”

எந்தக் கருவியின் உதவிப் பக்கமும் இந்த விஷயத்தை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“அப்ப... என்னை யாரும் பாத்துட்டு வாணாம்னு போவலியா?”

“பாத்தாத்தானே வேணாம்னு சொல்லுவாங்க? நீ இங்க இருக்கறதே யாருக்கும் தெரியாதுடி.”

அவள் கண் கலங்கியது. என் கண்ணும்தான். நடுவிலவர் காட்டிய அரட்டைப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். அதைப் படித்துக் காட்டினேன். யாரோ ஒரு பெண் கேட்டிருக்கிறாள், “மகாபலிபுரத்தில் சட்டை காப்பி எடுத்துத் தைக்கும் அந்தப் பெண் எங்கே போனார்? கடை இருந்த இடத்தில் தகரம்தான் இருக்கிறது. நல்லா இருக்கிறாரா?” அதற்கு இன்னொருவர், ஒரு ஆட்டோக்காரர் கொடுத்த விசிட்டிங் கார்டு தன்னிடம் இருக்கிறதென்று அதிலிருந்த வெப்சைட் முகவரியைக் கொடுத்திருக்கிறார். தனசேகர் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்த கார்டு அது.

“நல்லா இருக்கிறாரான்னு கேட்டுகீறாங்களா? அத்த இன்னொரு தபா படி” என்றாள். மூன்று தபா படித்தேன்.

ஆனால் ஒன்றாந்தேதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பொம்மையை அவிழ்த்தால் போதுமா? ரோபோ திரும்ப வர வேண்டும். வந்து குறித்துக்கொண்டு போக வேண்டும். யாராவது தேட வேண்டும். பெரியவரிடம் “இப்போது வரலாம்” என்று தகவல் சொல்ல ஒரு வசதி உண்டு. சொன்னேன். காசிம் பாயிடம் கெஞ்சி ஹோம் பேஜை மாற்றச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒரே ஒரு மெஷினில் மட்டும் இருக்கட்டும் என்று சமாதானமானோம்.

அப்புறம் தினமும் ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று கருவிகளையும் திறந்து பார்ப்பதே என் வேலை. ஆறாம் நாள் பெரியவரின் ரோபோ வந்தது. பத்தாம் நாள் நடுவிலவருடையது. சின்னவர் வந்தாரா இல்லையா என்று கடைசி வரை தெரியவில்லை. திருப்போரூர் சார், இங்கே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசம், மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். என்ன கோளாறு என்று தெரிய பெரியவர். உங்கள் சாம்பாரைப் பற்றி வெளியே யார் பேசுகிறார்கள் என்று தெரிய நடுவிலவர். சின்னவர் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். தினமும் பார்க்காதீர்கள், பெரியவர் கணக்கை மெதுவாகத்தான் எழுதுவார். என்னைப் போல் பார்த்தால் ரத்தக்கொதிப்புதான் வரும்.

ஒன்றாந்தேதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. இடது பட்டியலில் ஏழெட்டு வரி வந்திருந்தது. வலது பட்டியலில் ஒரே ஒரு வரி. ஒருவர் தேடி, நம்மைப் பார்த்து, அமுக்கியிருக்கிறார்! ‘லேடி டெய்லர் மகாபலிபுரம் காப்பி ஷர்ட்’. பக்கத்தில் நூறு சதவீதம் என்று வேறு போட்டிருந்தது. மொத்தமே ஒன்று என்றால் நூறு சதவீதம்தானே?

உடனே போன் போட்டேன். அமுதா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால்... அனுபவம் அவளைப் போலீஸ்காரி ஆக்கிவிட்டது. “யோவ், நீயா அமுக்கின?” என்று தனசேகரைக் கேட்டது எனக்கு இங்கே கேட்டது. “எனக்கு இங்கிலீசுல அம்மாம் பெருசா அடிக்க வருமா?” என்றார் அவர். நியாயமான பதில். அடுத்து காசிம் பாய். “அல்லா மேல ஆணையா நான் இல்லக்கா. வோணும்னா இப்ப அமுக்கட்டா?” என்றாராம். வேண்டவே வேண்டாம், விரலைக் கட்டி வைக்கச் சொல்லடி என்றேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. போய் அமுதாவோடு உட்கார்ந்திருந்தேன். அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கம்பெனியில் சேர்வதற்குச் சான்றிதழ் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருந்தது. நான் அந்தப் பையைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அவளும்தான்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சந்தில் தனசேகரின் ஆட்டோ சத்தம். இறங்கியது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. சதுரங்கப்பட்டினம் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களாம், ஹாலந்துக்காரர்கள். அந்த அம்மா ஒல்லி. கணவர்... கடை வாசலில் நின்றதும் உள்ளே வெளிச்சம் குறைந்தது, அவ்வளவு பெரிய ஆள். நீலச் சட்டை. காலர் கிழிந்து நூல் தொங்குகிறது. கையில் ஒரு பிரின்ட் எடுத்த பேப்பர். அதில் நான் வரைந்த மேப்.

அமுதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள். கிட்டே போய்க் காலரைத் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

“நான் தைச்சது. ஆறு வருசம் ஆவுது. இந்த மாதிரி உள் தையல் நான் ஒருத்திதான் போடுவேன்” என்றாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார். தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் மனைவி பையிலிருந்து துணி எடுத்து வைத்தார். இதே மாதிரி ஆறு வேண்டும். போன தடவை வந்து தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். இந்த முறை கிளம்புவதற்கு முன்னால், எதற்கும் பார்ப்போமே என்று தேடினார்களாம்.

என்னால் அடக்க முடியவில்லை. அவரை உட்காரக்கூட விடாமல் கேட்டேன், “என்ன வார்த்தை அடித்துத் தேடினீர்கள்?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெயர் ஞாபகம் இல்லாததால் லேடி டெய்லர், ஊர்ப் பெயர், காப்பி, ஷர்ட் என்று அடித்தேன் என்றார். நான் கை தட்டினேன். அமுதாவைக் கட்டிக்கொண்டேன். தனசேகர் காசிம் பாயிடம் சொல்ல ஓடினார். ஒரு சட்டைக்கு இந்த ஊரில் இவ்வளவு கொண்டாட்டமா என்று அந்த அம்மா மிரண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கியிருந்த விடுதியிலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். திங்கட்கிழமை காலை அமுதா கம்பெனிக்குப் போன் செய்தாள். நான் ஆபீஸ் போகும் பஸ்ஸில் இருந்தபோது எனக்கும் போன் செய்து சொன்னாள்.

“வர்லன்னு சொல்லிட்டேன்டி. கடலுக்கு அந்தாண்ட குந்திகினு ஒரு ஆளு என்னைத் தேடிகினு கீறாரு. நான் எதுக்குக் காணாம போவணும்?”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்காரி என்னவோ ஏதோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சந்தோஷத்தில்தான் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரையும் குடித்தேன்.

ஆபீஸ் போனதும் பெரியவரைத் திறந்து பார்த்தேன். வலது பட்டியலில் அதே ஒரே வரி, அதே நூறு சதவீதம். எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி அமுதாவின் அளவு நோட்டில் இருக்கிறது... அந்த ஒரு க்ளிக்குக்கு மார்பு நாற்பத்தாறு, கை இருபத்தைந்தரை!